காற்றில் கேட்காதது

காற்று அடித்தாலே எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை பார்ப்பவள் இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? மொட்டை மாடியில் போர்வைகள் சட்டென்று காய்ந்துவிடும் என்று மற்றவர்களுக்கெல்லாம் ஒரே கொண்டாட்டம். "காத்து உனக்கு என்னடி பாவம் பண்ணுச்சு?" என்று கிண்டல் வேறு. பண்ணியது. யாரிடம் போய்ச் சொல்ல?

எங்கள் அப்பாவைத் தங்கமான மனுஷன் என்று தெருவே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. குடி கிடையாது, குரல் உயராது. எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. காற்று பலமாக அடித்தால் கூரை கிடந்து அலறும். உள்ளே யார் கத்தினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. அம்மாவின் மேல் வரும் கோபத்தையெல்லாம் அப்பா அந்த நாளுக்காகச் சேர்த்து வைத்திருப்பார். தகரம் கடகடவென்று ஆட ஆரம்பித்ததும் எழுந்து போய் நிதானமாகக் கதவைச் சாத்துவார். நான் தம்பியை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன். "காத்து எப்பக்கா நிக்கும்?" என்று கேட்டுக் கேட்டு என் மடியிலேயே தூங்கிப்போவான். அம்மா அதிக நாள் இருக்கவில்லை. அப்புறம் அவனுக்குச் சோறு ஊட்டியது, தலை வாரியது, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடியது எல்லாம் நான்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்றாவது மாடி. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது. சாப்பிட்டு முடித்த நேரம் காற்று கிளம்பியது. தம்பி எழுந்து ஒவ்வொரு சன்னலாகச் சாத்தினான். ஐயோ பாவம், இவனுக்கும் அந்தப் பயம் போகவில்லையே என்று எனக்கு மனசு உருகிப்போயிற்று.

"அக்கா, காத்து ஜாஸ்தியாகுது. அப்புறம் பஸ் கெடைக்காது, கெளம்பு," என்றான்.

தட்டைக் கழுவச் சமையலறைக்குப் போனேன். அவன் மனைவி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நாளும் என்னை இருக்கச் சொல்லாதவள்.

"இன்னிக்கு இங்கயே படுத்துக்கங்க அண்ணி."

சாத்திய சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்க்காத பார்வையா அது?

"அடிக்கிறானா?"

"எப்பவும் இல்ல அண்ணி. நல்லவருதான். காத்தடிக்கறப்ப மட்டும்."

அடப் பாவி! கட்டிலுக்கு அடியில் பயந்து கிடக்கிறான் என்றல்லவா நினைத்தேன். பாடம் படித்திருக்கிறான்.

"ரெண்டு துணிய எடுத்துக்க. வா," என்றேன்.

வாசலில் தம்பி வழி மறித்தான். "எங்க கூட்டிட்டுப் போற?"

"என் வீட்டுக்கு."

"இது புருஷன் பொண்டாட்டி விஷயம்க்கா. நீ தலையிடாத."

"தலையிடுவேன்டா. அன்னிக்கு நம்ம தெருவுல யாராவது ஒருத்தர் தலையிட்டிருந்தா அம்மா இன்னும் இருந்திருப்பா."

"மெதுவாப் பேசு. வெளிய கேக்கும்."

"கேக்கட்டும்!" என்று அவனைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

அவன் தடுக்கவில்லை. உதடு துடிக்கச் சின்னப் பிள்ளை மாதிரி நின்றான். "நீ எனக்கு அக்காவா, இவளுக்கா?"

அந்த முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி முத்தம் கொடுத்து வளர்த்தவள் நான். எனக்கென்று இருப்பது அவன் ஒருத்தன்தான்.

"இவளுக்கு," என்றேன்.

படி இறங்கும்போது எனக்குக் கண்ணே தெரியவில்லை. அவள்தான் என் கையைப் பிடித்து இறக்கினாள்.