எந்தப் பக்கம் அடிக்கணும்?

அப்பாவின் தாடையில் காய்ந்திருந்த ஓட்ஸ் கஞ்சியை லின் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, கதவைத் தட்டாமலே காலின் உள்ளே வந்தார். கையில் டவுன் கால்பந்து கிளப்பின் கொடி.

அப்பா டெரெக் ஓல்ட்ராய்ட் இறந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. முதியோர் இல்லத்தில் காலைச் சாப்பாட்டின்போதே போய்விட்டார். கடைசிக் கரண்டிக் கஞ்சி விழுங்கப்படாமல் உதட்டோரமே நின்றுவிட்டிருந்தது.

"இவருக்கு யார் சொன்னது?" லின் தணிந்த குரலில் கேட்டாள்.

"நான்தான்" என்றான் ஜன்னலருகே நின்ற தம்பி நைஜல். "கிளப்புக்குச் சொல்லாம இருக்க முடியுமா?"

காலின் கொடியை உதறி, அப்பாவின் நெஞ்சிலிருந்து கால் வரை விரித்தார். கிளப் பாரின் சுவரில் வருஷக்கணக்காகத் தொங்கிய கொடி. சிந்திய பீரும் பழைய எண்ணெயும் கலந்த அதன் வாடை அறை முழுக்கப் பரவியது. மறதி நோய் வந்த ஒன்பது வருஷத்தில் கிளப்பிலிருந்து யாரும் இந்த அறைக்குள் எட்டிப் பார்த்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு வரும். கடைசி இரண்டு வருஷமாக அதுவும் இல்லை.

அம்மா டோரீன் கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் இருந்த சிறு மேசையில் லின் வைத்த படிவம் கிடந்தது. அப்பாவின் மூளையைப் பல்கலைக்கழக டாக்டர்கள் கேட்டிருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றிலிருந்து எழுபத்தைந்து வரை, பதினாலு சீசன் தலையால் பந்தை முட்டித் தள்ளியதுதான் அந்த மூளையைத் தின்றதா என்று பார்க்க வேண்டுமாம். மனைவி கையெழுத்துப் போட வேண்டும். ஒரு மணிக்கு வண்டி வரும். அதற்குள் போடாவிட்டால் போட்டும் பிரயோஜனம் இல்லை.

"அம்மா, போடாதே" என்றான் நைஜல். "அப்பா தலையை அறுக்கப்போறாங்க. சனிக்கிழமை மைதானமே அவருக்காக எழுந்து ஒரு நிமிஷம் கை தட்டப்போகுது. இந்த நேரத்துல இதெல்லாம் தேவையா?"

"அவருக்கு என்ன ஆச்சுன்னு தெரிய வேண்டாமாடா உனக்கு?"

"வயசாச்சு. அவ்வளவுதான் ஆச்சு."

காலின் கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "டோரீன்மா, பத்திரிகைக்காரன் கையில இது கிடைச்சா என்ன எழுதுவான்? டவுன் கிளப்தான் டெரெக்கைக் கொன்னுதுன்னு எழுதுவான். உங்க ஆளுக்கு அது பிடிக்குமா? பாருக்கு அவன் பேரை வைக்கலாம்னு கமிட்டியில பேச்சு ஓடுது."

"குடிக்கிற இடத்துக்கா?" என்றாள் லின்.

"அவனுக்குப் பிடிச்ச இடம்தானே, கண்ணு."

நைஜல் சிரித்தான். சிரிப்பு வந்ததும் காலினுக்குத் தெம்பு வந்துவிட்டது. இந்த ஆள் இனி என்ன சொல்லப்போகிறார் என்று லின்னுக்குத் தெரியும். கிளப் விருந்து ஒவ்வொன்றிலும் சொல்லி, அவள் கல்யாணத்திலும் மைக்கைப் பிடுங்கிச் சொன்ன கதை. காலின் அப்போது டவுனின் வாளிக்காரர். யாராவது அடிபட்டு விழுந்தால் குளிர்ந்த தண்ணீர் வாளியும் பஞ்சுமாக மைதானத்துக்குள் ஓடுகிறவர்.

"மற்றவன் காலை வைக்கப் பயப்படற இடத்துல இவன் தலையை வைப்பான்" என்று ஆரம்பித்தார். "கோப்பை மேட்ச். மழை. பந்து செங்கல் மாதிரி கனம். எதிராளி மண்டையும் இவன் மண்டையும் மோதின சத்தம் மேல் வரிசை வரைக்கும் கேட்டுது. நான் ஓடறேன். தண்ணியை மூஞ்சியில ஊத்தறேன். கண்ணைத் திறந்து என்ன கேட்டான் தெரியுமா? 'எந்தப் பக்கம் அடிக்கணும்?' தோளைப் பிடிச்சுத் திருப்பி விட்டேன். அடுத்த கார்னர், தலையாலயே போட்டான் பாரு கோல்! எல்லாரும் அவன் மேல விழுந்து கட்டிப் பிடிக்கிறாங்க. அவன் என்னைப் பார்த்து..."

காலின் நிறுத்தி அம்மாவைப் பார்த்தார். கடைசி வரி எப்போதும் அம்மாவுடையது. 'மேட்ச் ஆரம்பிச்சாச்சா?' என்று அப்பாவின் குரலிலேயே சொல்லுவாள். மேசையெல்லாம் அதிரச் சிரிப்பார்கள். கல்யாணத்தன்று லின்னும் கண்ணில் நீர் வரச் சிரித்திருக்கிறாள்.

அம்மா இந்த முறை அந்த வரியைச் சொல்லவில்லை.

"எத்தனை நிமிஷம் கிடந்தாரு?" என்று கேட்டாள் அம்மா.

"யாரும்மா கடிகாரம் பார்த்தா? நாலு இருக்கும். அஞ்சு."

"வாயில நுரை வந்துச்சுன்னு அன்னிக்குச் சொன்னே."

"அது எச்சில்மா."

"நுரைன்னு சொன்னே."

காலின் நைஜலைப் பார்த்தார். நைஜல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் டோரீன். நான் திருப்பி அனுப்பலேன்னா மேனேஜர் என்னை வேலையை விட்டே அனுப்பியிருப்பான்."

"உன்னை மட்டும் சொல்லலை. சனிக்கிழமை வாந்தி எடுத்தா ஞாயித்துக்கிழமை துடைச்சுப்போட்டு, திங்கக்கிழமை பயிற்சிக்கு அனுப்பினது நான்தான்." அம்மா விரல் நுனியால் கொடியைத் தொட்டாள். "இதை எடு, காலின். நாத்தம் அடிக்குது."

அவர் எடுத்தார். பெரிய கொடி, ஒற்றை ஆளாக மடிக்க வரவில்லை. சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, "சனிக்கிழமை பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் காருக்குள் ஏற உதவப்போவதாகச் சொல்லி நைஜலும் பின்னால் போனான். திரும்பி வரவில்லை.

கடைசிப் பக்கத்தைப் புரட்டி லின் விரலை வைத்தாள். "இங்கதாம்மா. கையெழுத்து மட்டும் போதும்."

அம்மா அவள் விரலை நகர்த்தி, கையெழுத்துப் போட்டாள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்துக்குப் போனாள். பெயர், பிறந்த தேதி, தொழில் எல்லாம் நிரப்பினாள். இரண்டாம் பக்கத்தில், தலையில் அடிபட்டது ஏதும் தெரிந்தால் எழுதவும் என்று போட்டு மூன்று கோடு விட்டிருந்தார்கள். அங்கே பேனா நின்றது.

"இடம் பத்தாது" என்றாள்.

"ஞாபகம் இருக்கறதை எழுதும்மா. ஒண்ணு ரெண்டு."

அம்மா எழுத ஆரம்பித்தாள். லின் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். *அறுபத்தொன்று நவம்பர், சொந்த மைதானம், காதில் ரத்தம். அறுபத்திரண்டு மார்ச், என் பெயர் சொல்லத் தெரியவில்லை. அதே மாதம், பேருந்தில் இறங்கும் இடம் மறந்து டெப்போ வரை போய்விட்டார்.* எங்கும் யோசிக்கவில்லை. அடித்தல் திருத்தல் இல்லை.

லின் தாள் கேட்டு முன்வாசல் மேசைக்குப் போனாள். அங்கிருந்த பெண் அச்சு இயந்திரத்தைத் திறந்து, "எத்தனை வேணும்?" என்று கேட்டாள். லின் இரண்டு கையையும் நீட்டினாள். அந்தப் பெண் ஒரு கொத்தாகவே எடுத்துக் கொடுத்தாள்.

திரும்பி வந்தபோது, அம்மா படிவத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து ஓரத்து வெற்றிடத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். அறுபத்தாறாம் வருஷம்தான் வந்திருந்தது.