ஒட்டாத கட்டு

தம்பிக்கு ஆறு வயதில் வெந்நீர் கொட்டித் தொடை வெந்துபோனது. கட்டு மாற்றும் நாளெல்லாம் துணியோடு தோலும் பிய்ந்து வரும், அவன் அலறுவான். கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது அக்காவின் வேலை. அந்த அக்கா படித்துப் பேராசிரியை ஆனாள். பதினான்கு வருடம் ஆய்வுக்கூடத்தில் மல்லுக்கட்டி, புண்ணில் ஒட்டவே ஒட்டாத கட்டு ஒன்றைக் கண்டுபிடித்தாள்.

அதைத் தயாரிக்கும் உரிமையைப் பல்கலைக்கழகம் ஒரு பெரிய கம்பெனிக்குக் கொடுத்தது. சாதாரணக் கட்டுத்துணி விற்றே கொழுத்த கம்பெனி. தன் வியாபாரத்தில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளுமா? கிடப்பில் போட்டுவிட்டது. ஒப்பந்தத்தில் உருப்படியாக ஒரே ஒரு வரி இருந்தது: ஐந்து வருடத்துக்குள் ஒரு பெட்டிகூட விற்காவிட்டால் உரிமை பல்கலைக்கழகத்துக்கே திரும்பிவிடும். வாங்கிச் செய்ய ஒரு சின்னக் கம்பெனி தயாராகக் காத்திருந்தது. பேராசிரியை நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆனாலும் எந்த மருந்துக்கடையைக் கடந்தாலும் கண் தானாக அலமாரிக்குப் போகும். ஒரே ஒரு தடவை அதைக் கடையில் பார்த்துவிட மாட்டோமா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

கெடு முடிய ஒன்பது நாள் இருக்கையில் தம்பி போன் செய்தான்.

"அக்கா, உன் கட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில இருக்கு. என் கண்ணால பாத்தேன்."

வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினாள். இருந்தது. மேல்தட்டில் ஒரே பெட்டி. கையில் வாங்கியதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விலைகூடக் கேட்காமல் பணத்தை நீட்டினாள். ஒப்பந்தம் நினைவுக்கே வரவில்லை. அத்தனை வருட ஏக்கம் அவ்வளவு புத்தியைத்தான் மிச்சம் வைத்திருந்தது.

வாசலிலேயே நின்று, பல்கலைக்கழகத்தில் காப்புரிமை பார்க்கும் அதிகாரிக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மேடம், பில் போட்டாங்களா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திரும்ப உள்ளே போய், பில்லை ரத்து செய்யச் சொல்லிக் கெஞ்சினாள். கடைக்காரர் நல்ல மனிதர், பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"கம்பெனிக்காரங்க ஒரே ஒரு பெட்டிதாம்மா குடுத்தாங்க. வித்த உடனே பில்லைப் படம் பிடிச்சு அனுப்பச் சொல்லியிருந்தாங்க. இப்பத்தான் அனுப்பினேன்."

பேராசிரியை கடை வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து வருடத்தில் அந்தக் கட்டுக்குக் கிடைத்த ஒரே வாடிக்கையாளர் அவள்தான்.