விருந்தாளியாக வந்தவள்

நைரோபிப் பள்ளியின் பேருந்து வந்து நின்றபோது சியோம்புவா மற்ற பெண்களோடு வாசலில் நின்றிருந்தாள். வருகிற மாணவிகள் ஒரு நாள் முழுக்க விடுதிப் பெண்களோடு படித்து, சாப்பிட்டு, மாலையில் திரும்புவதாக ஏற்பாடு. ஆளுக்கொரு துணை. பள்ளிக்குப் புதிதாக வந்திருந்த முசியோக்கா டீச்சர் ஒருத்தியைத் தோளைப் பிடித்து அழைத்து வந்தார்.

"இது பிரிஜிட். எல்லாத்தையும் சுத்திக் காட்டும்மா."

இடுப்புவரை பின்னல், கசங்காத சட்டை. ஆனால் முகம் கலுண்டேயின் முகம். இரண்டு வருஷத்துக்கு முன்பு இதே விடுதியில் சியோம்புவா, கலுண்டே, முதேயு மூன்று பேரும் ஒரே வாளித் தண்ணீரில் குளித்தவர்கள். சித்தி வந்து கலுண்டேயை நைரோபிக்குக் கூட்டிப்போனதோடு சரி. அதன்பின் அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

"உன் பேரு என்ன?" என்று கலுண்டே ஆங்கிலத்தில் கேட்டாள்.

பக்கத்தில் அவளுடைய நைரோபித் தோழி நெக்கேசா நின்றிருந்தாள். காட்டிக்கொடுத்துவிடாதே என்று கலுண்டேயின் கண்கள் கெஞ்சின. சியோம்புவாவுக்கு நெஞ்சு கசந்தது. தன் பெயரை அவளுக்கே சொல்லி அறிமுகம் செய்துகொண்டாள்.

வகுப்பில் ஒன்றிரண்டு பெண்கள் கலுண்டேயை அடையாளம் கண்டு கிசுகிசுத்தார்கள். சியோம்புவா முறைத்து அடக்கினாள். ஏன் அடக்கினோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

மதியம் வழக்கம்போல மக்காச்சோளமும் அவரையும். நெக்கேசா ஒவ்வொரு அவரையாகத் திருப்பிப் பார்த்துத் தின்றாள். கலுண்டே தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். சியோம்புவாவுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்திலிருந்தவளிடம் தங்கள் ஊர்க் கம்பா மொழியில், எதிரே கலுண்டேக்குக் கேட்கும்படியே சொன்னாள்: "அடிப்பானைய வழிச்சுத் திங்க வரிசைல முந்துவாளே ஒருத்தி, ஞாபகம் இருக்கா? இப்போ அவளுக்கு அவரை தொண்டைல இறங்கலையாம்."

பெஞ்சே குலுங்கச் சிரித்தது. என்ன சிரிப்பு என்று நெக்கேசா கேட்டாள். "தெரியல," என்று கலுண்டே குனிந்துகொண்டாள்.

கைகழுவும் தொட்டியருகே சியோம்புவாவோடு தனித்து நின்றபோதுதான் கம்பா கலுண்டேயின் வாயில் வந்தது.

"திட்டுடி. நல்லா திட்டு. அங்க எல்லாரும் எங்க சித்தப்பாதான் எங்கப்பான்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. முத நாளே சொல்லியிருக்கணும். சொல்லல. இப்ப எந்த வாயால சொல்றது?"

"ஒரு வார்த்தை எழுதக்கூடவா கை வரல?"

கலுண்டே கழுவிய கையையே மறுபடி கழுவினாள். "முதேயு எங்கடி? காலைலேர்ந்து தேடுறேன். எம்மேல கோவமா? ஒளிஞ்சிக்கிட்டாளா?" என்றாள்.

சியோம்புவா குழாயை மூடினாள். கலுண்டேக்கு விஷயம் தெரியாது என்பதே அதுவரை இவளுக்குத் தோன்றவில்லை.

"ஏப்ரல் லீவுல ஊருக்குப் போனா. மணலாத்தைத் தாண்டணும்ல. ஊர்ல ஒரு சொட்டு மழை இல்ல, மேல மலைல பேஞ்சிருக்கு. நடு ஆத்துல இருக்கும்போது வெள்ளம் வந்துருச்சு."

"வந்து?"

"பொதைச்சாச்சுடி. நாங்க எல்லாரும் போயிருந்தோம்."

கலுண்டேயின் முகத்தில் எதுவுமே அசையவில்லை. "அவ கட்டில்?" என்று மட்டும் கேட்டாள்.

விடுதியில் முதேயுவின் ஜன்னலோரக் கட்டிலில் இப்போது கட்டுங்கே என்ற, முதல் படிவத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் படுக்கிறாள். கலுண்டே அதன் விளிம்பில் உட்கார்ந்து விரிப்பை உள்ளங்கையால் நீவினாள். நீவிக்கொண்டே இருந்தாள். அப்போது நெக்கேசா வாசலில் வந்து நின்றாள்.

"பிரிஜிட், உன்னை எங்கெல்லாம் தேடுறது? ஏன் ஒரு மாதிரி இருக்க?"

கலுண்டே வாயைத் திறந்தாள். சொல்லப்போகிறாள் என்றுதான் சியோம்புவா நினைத்தாள்.

"கண்ல தூசி," என்றாள் கலுண்டே.

அந்த நொடியில் சியோம்புவாவுக்கு அவளை ஓங்கி அறையலாம் போலிருந்தது. ஆனால் அந்தக் கண்களில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்பதையும், அதை விழவிடாமல் அவள் மூச்சைப் பிடிப்பதையும் பார்த்தாள். முதேயுவுக்காக அழக்கூட இவளுக்கு இங்கே ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது.

"இந்த ஊருத் தூசி பொல்லாதது," என்று சியோம்புவா நெக்கேசாவிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். "உள்ள போச்சுன்னா ரொம்ப நேரம் உறுத்தும். கொஞ்சம் தண்ணி கொண்டு வா."

நெக்கேசா நல்ல பெண். ஓடிப்போய்க் குவளையில் தண்ணீர் கொண்டுவந்தாள். சியோம்புவா கலுண்டேயின் தலையைத் தன் வயிற்றோடு சாய்த்துப் பிடித்து, கண்ணில் சிறிது சிறிதாக ஊற்றினாள்.

"தொடைக்காதே. வழியட்டும்," என்று கம்பாவில் சொன்னாள்.

கலுண்டே அழுதாள். தோள் குலுங்க, சத்தமில்லாமல், தண்ணீரோடு தண்ணீராக. "ஐயோ, ரொம்ப வலிக்குதா?" என்று நெக்கேசா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வலிக்கிறது என்று தலையசைத்தாள்.

மாலையில் பேருந்து கிளம்பியது. மற்ற விருந்தாளிகள் ஜன்னல்வழியே கையசைத்தார்கள். கலுண்டே உள்பக்க இருக்கையில் இருந்தாள், முகம் தெரியவில்லை. எழுதுகிறேன் என்று அவள் சொல்லவில்லை, எழுது என்று சியோம்புவாவும் கேட்கவில்லை.

விடுதிக்குத் திரும்பியபோது கட்டுங்கே ஈர விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள்.

"அக்கா, என் கட்டில்ல யாரு தண்ணி ஊத்துனது?"

"நான்தான். கொடு, காயப் போடுறேன்," என்று சியோம்புவா அதை வாங்கிக்கொண்டு கொடிப்பக்கம் போனாள்.