நான்காவது தந்தி

திருகாணி திருப்பும் ஆலன் கீ வழுக்கியது. யோரூன் அதை ஸ்வெட்டரில் துடைத்து மறுபடி திருகில் பொருத்தினாள். மடியில் நான்கு தந்தி பேஸ் கிட்டார். கூடத்தில் போட்டிருந்த நோயாளிக் கட்டிலிலிருந்து அவள் கணவன் ஆர்விட் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தந்தி உக்காந்திருக்கிற பித்தளைக் கட்டைய எறக்கு. அரைச் சுத்து."

"எறக்கவா? முப்பத்தெட்டு வருஷமா ஏத்தித்தானே வச்சிருந்த? எறக்கினா சத்தம் செத்துடும்னு எத்தன பேரோட சண்ட போட்டிருக்க!"

சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் சிரித்தான்; சிரிப்பு இருமலாக முடிந்தது.

"சுன்னிவா விரல் சின்னது. இந்த ஒசரத்துல அழுத்தினா கொப்புளம் வந்துடும்."

மகள் சுன்னிவா போன வாரம் போனில் கிட்டாரைக் கேட்டபோது அவன் பதில் சொல்லவில்லை. இன்று மாலைப் படகில் ஸ்டவாங்கரிலிருந்து வருகிறாள்.

வாரமெல்லாம் பெர்கனில் பேருந்து ஓட்டிய ஆர்விட், சனிக்கிழமைகளில் நடன அரங்குகளில் வாசித்தான். அவன் தந்தியைத் தொட்டால் ஆடுகிறவர்களின் பாதத்தில் தெரியும்.

யோரூன் முதல் தந்தியை மீட்டினாள். கிட்டார் கழுத்தின் உலோக மெட்டில் இடித்துக் கடகடத்தது.

"கொஞ்சம் ஏத்து."

கால் சுற்று ஏற்றினாள். மீட்டினாள். பழைய கனம் இல்லை; ஆனால் சுத்தமாக ஒலித்தது.

"இப்ப சரியா இருக்கு" என்றாள்.

அவன் தலையைத் திருப்பினான். "உனக்குக் கேக்குதா? ஏத்தினாலும் எறக்கினாலும் ஒண்ணுதான்னு சொல்லுவியே!"

"எல்லாம் கேக்கும். வித்தியாசம் தெரியுதுன்னு சொல்லியிருந்தா விடிய விடிய என்னை உக்கார வச்சிருப்ப."

"அடிப்பாவி" என்றான். வெகுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது தந்திக்குத் தலையசைத்தான். மூன்றாவதை இறக்கி மீட்டி, "இது?" என்றாள். பதில் இல்லை. இன்னொரு முறை மீட்டினாள். பிறகு கிட்டாரைச் சாய்த்து வைத்துவிட்டு, அவன் கை சில்லிட்டுப் போகும்வரை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செவிலிக்குப் போன் செய்யுமுன் நான்காவது தந்தியை, தடித்ததை, தானே அரைச் சுற்று இறக்கினாள்; மீட்டிப் பார்த்துவிட்டு அவனுடைய பழைய உயரத்துக்கே திரும்ப ஏற்றினாள்.

மாலையில் சுன்னிவா நனைந்த கோட்டோடு கட்டிலருகே மண்டியிட்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும் கிட்டாரை எடுத்தாள். ஒவ்வொரு தந்தியாகத் தொட்டுப் பார்த்தாள்.

"யாரும்மா எறக்கினது?"

"நான்தான். அப்பா சொல்லச் சொல்ல."

"இது மட்டும் ஒசரமா இருக்கே?"

"அது அப்படியே இருக்கட்டும்."

சுன்னிவா அந்தத் தந்தியில் சுண்டுவிரலை வைத்து அழுத்திப் பார்த்தாள்; அது இறங்கவில்லை. சுண்டுவிரலை எடுத்துவிட்டு, நடுவிரலால் அழுத்தினாள்.