பேச்சி என்ற வண்டி

பல்கலைக்கழக வாசலிலிருந்து ஆடிட்டோரியம் வரைக்கும் சாலையின் இரண்டு பக்கமும் ரோஸ் நிறப் பூ மரங்கள். பங்குனியில் இலையையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் பூவாக நிற்கும். அதன் அடியில் பெண்பிள்ளைகள் கூட்டமாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூக்கண்டப்பள்ளியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கிய பேச்சியம்மாளும் நல்லுசாமியும் அவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாகவே நடந்தார்கள்.

மரங்களுக்கு நடுவே பெரிய ஃப்ளெக்ஸ் ஒன்று கட்டியிருந்தது. கேம்பஸ் இன்டர்வியூவில் தேர்வானவர்களின் படங்கள், கீழே கம்பெனிப் பெயர்கள். மூன்றாவது வரிசையில் தர்ஷினி இருந்தாள். அவளுக்கு வேலை கிடைத்தது புரட்டாசியில். கார்த்திகை மழையோடு வந்த காய்ச்சலில் போய்விட்டாள். ஃப்ளெக்ஸை அதற்கு முன்பே அடித்துவிட்டார்கள் போலிருக்கிறது, வெயிலில் வெளுத்திருந்தது. நல்லுசாமி செருப்பைச் சரி செய்வதுபோலக் குனிந்துகொண்டார். பேச்சியம்மாள் நின்று பார்த்தாள். அடையாள அட்டைக்கு எடுத்த படம். மகளுக்கே பிடிக்காத படம்.

அவர்கள் வந்தது இதைப் பார்க்க அல்ல. தர்ஷினியும் அவளோடு படித்த ஸ்ரீராமும் சரிதாவும் சேர்ந்து ஒரு வண்டி செய்திருந்தார்கள். ஆள் தள்ளாமல், தரையில் ஒட்டிய கறுப்பு டேப்பைத் தானே பார்த்துக்கொண்டு பெட்டி சுமந்து போகும் வண்டி. ஒரு வருஷம் வீட்டில் சோறு தின்னும்போதும் அதே பேச்சு. கூட்டிக்கொண்டு போய்க் காட்டேன் என்றால் தர்ஷினி ஒத்துக்கொள்ள மாட்டாள். "சும்மா நிக்கிறதப் பாத்து என்னம்மா பண்ணப் போற? மார்ச்ல எக்ஸ்போ. ஓடும்போது வந்து பாரு." எக்ஸ்போ முடிந்ததும் வண்டியைப் பிரித்து, மோட்டாரையும் பேட்டரியையும் லேபில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கு வேண்டும். ஆகவே அது ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால் இன்று ஒரு நாள்தான். மூன்று மாதமாக வேலைக்குப் போவதைத் தவிர வாசல்படி தாண்டாத பேச்சியம்மாள், சரிதா போனில் கூப்பிட்டதும் வருகிறேன் என்று சொன்னது அதற்காகத்தான்.

ஆடிட்டோரியத்துக்குப் பின்னால் பந்தல் போட்டு மேசை மேசையாகப் பிராஜெக்டுகளை வைத்திருந்தார்கள். ஒரு மேசையில் மாம்பழக் கொட்டையிலிருந்து செய்த அட்டை, இன்னொன்றில் யானை வந்தால் அலறும் பெட்டி. நடுவில், வண்டிகளின் போட்டிக்காகத் தரையில் கறுப்பு டேப் ஒட்டிய தடம். தளி பக்கம் ஜவளகிரிக்காரியான சரிதா ஓடிவந்து பேச்சியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டீங்களா அம்மா! இதான் பாருங்க. எங்களுக்கு நாலாவது டர்ன். நாங்க போயி பேரு குடுத்துட்டு வந்துர்றோம், இங்கியே குந்துங்க."

வண்டி முழங்கால் உயரம்தான் இருந்தது. மேலே தட்டு, கீழே நான்கு சக்கரம், முன்னால் இரண்டு கேமரா. ஸ்கூட்டரின் லைட்டைச் சின்னதாக்கி ஜோடியாக வைத்ததுபோல. பேச்சியம்மாள் தட்டைத் தடவிப் பார்த்தாள். ஓரமெல்லாம் பிசிறு இல்லாமல் உரசியிருந்தார்கள்.

முந்தின வாரம்தான் மலைக்கோயில் தேர் முடிந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரி அங்கிருந்து வாங்கிவந்து கொடுத்த சந்தனமும் குங்குமமும் பையில் இருந்தன. நல்லுசாமி வேலை செய்யும் பட்டறையில் வெள்ளிக்கிழமை தவறாமல் மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துத்தான் ஸ்விட்ச் போடுவார்கள். வீட்டு ஸ்கூட்டருக்கும் அப்படித்தான், லைட்டில் ஒன்று வைக்காமல் பேச்சியம்மாள் எடுக்க விடமாட்டாள். முதன்முதலாகக் களத்தில் இறங்கும் வண்டிக்கு யாரும் பொட்டு வைக்கவில்லையே என்று அவளுக்குத் தோன்றியது. தண்ணீர் பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டு விட்டுச் சந்தனத்தைக் குழைத்து, கண் மாதிரி இருந்த இரண்டு கேமராவிலும் ஒவ்வொரு பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமமும் இட்டாள்.

"நல்லா இருக்கு," என்றார் நல்லுசாமி.

பெயர் கொடுக்கப் போனவர்கள் திரும்பி வருவதற்குள், மூன்றாவது டீம் வராததால் இவர்களை மைக்கில் கூப்பிட்டுவிட்டார்கள். ஸ்ரீராம் ஓட்டமாக வந்து வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் தடத்தில் வைத்தான். தட்டில் பெட்டியை வைத்தார்கள். நடுவர் கமலக்கண்ணன், சிப்காட்டில் ஏதோ கம்பெனியின் மேனேஜர், கையைத் தூக்கினார். ஸ்ரீராம் பொத்தானை அழுத்தினான்.

வண்டி அரை அடி முன்னால் போனது. பிறகு இடது பக்கம் திரும்பியது. மறுபடி இடது. அப்புறம் நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. பெட்டி சரிந்து கீழே விழுந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"பேச்சிக்கு என்னாடி ஆச்சு?" என்று கத்தினான் ஸ்ரீராம். "காலைல கூட நல்லாத்தான போய்க்கினு இருந்துச்சு!"

பேச்சியம்மாள் திடுக்கிட்டு அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. வண்டியின் முன்னால் குப்புறப் படுத்துக்கொண்டிருந்தான்.

"யார்ரா இதுல சந்தனத்த வெச்சது? கேமராவுல! எவனுக்காச்சும் அறிவு இருக்குதா?"

சரிதா அவன் தோளில் கையை வைத்து ஏதோ சொன்னாள். ஸ்ரீராம் எழுந்து நின்றான். பேச்சியம்மாளின் விரல் நுனியில் குங்குமம் இன்னும் இருந்தது. அவன் முகம் ஒருமாதிரி ஆனது. மறுபடி குனிந்து பெட்டியை எடுத்துக்கொண்டு பந்தலுக்கு வெளியே போய்விட்டான். முதல் பரிசு வாங்கும் டீமுக்குக் கம்பெனியில் ஆறு மாதப் பயிற்சி உண்டு. நாகரசம்பட்டியில் அவன் வீட்டில் அது கிடைத்துவிட்டது மாதிரியே பேசிக்கொண்டிருந்தார்களாம்.

ஒரு டீமுக்கு ஒரு ஓட்டம்தான் என்பது விதி. நடுவர் தாளில் எதையோ குறித்துக்கொண்டார்.

"நான் கெடுத்துட்டேன் தாயி," என்றாள் பேச்சியம்மாள்.

"வுடுங்கம்மா." சரிதா துப்பட்டா நுனியால் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அவன் நீங்கன்னு தெரிஞ்சா கத்தியிருக்க மாட்டான்."

"எம்பேரச் சொல்லிக் கத்துனானே?"

சரிதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "ஐயோ, அது வண்டி பேரு அம்மா. தர்ஷினிதான் வெச்சா. எதிர்ல ஆளு வந்தா இது நின்னுக்கும். அவங்க நகர்ற வரைக்கும் மொறச்சிக்கினே நிக்கும். 'எங்கம்மா இப்டித்தான், லேட்டா வந்தா வாசல்ல வழிய மறிச்சிக்கினு நிப்பாங்க, பேச்சின்னே வெச்சிடலாம்'னா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கினா."

பேச்சியம்மாள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு நேராக நடுவரிடம் போனாள். நல்லுசாமி "வேணாம், வா" என்று பின்னாலேயே வந்தார்.

"சார், அந்தச் சந்தனம் வச்சது நாந்தான்."

கமலக்கண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க பிளான்ட்லயும் வைக்கிறதுதாம்மா. கண்ண வுட்டுட்டு நெத்தியில வைப்போம். ஆனா ரூல் ரூல்தான், மார்க் போட முடியாது."

"மார்க்கு வேணாம் சார். பிள்ளைகளுக்குப் போனது போனதுதான், அத நான் கேக்கல. இது எம்மக செஞ்ச வண்டி. அவ இல்ல. ஓடுறதப் பாத்துட்டுப் போகணும்னு வந்தேன். நாளைக்குப் பிரிச்சிருவாகளாம். எல்லாரும் முடிச்சப்புறம் ஒரே ஒரு தடவ அந்தத் தடத்துல விட்டுக்கிறட்டுமா?"

அவர் பேனாவை மூடினார். "எல்லா டீமும் முடியட்டும். டேப்ப உரிக்கிறதுக்கு முன்னாடி விட்டுக்குங்க."

மதியம் தாண்டிவிட்டது. எலுமிச்சைச் சாதம் கொடுத்தார்கள். நல்லுசாமி சாப்பிட்டார், அவள் பிசைந்துகொண்டே இருந்தாள். ஒவ்வொரு டீமாக ஓடி முடித்துக் கைதட்டு வாங்கிக்கொண்டு போனது. பரிசு சொல்வதற்காகக் கூட்டம் ஆடிட்டோரியத்துக்குள் நகர்ந்தபோது பந்தலில் இவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். ஸ்ரீராம் பெட்டியோடு திரும்பி வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், "சாரிம்மா" என்றான்.

"நீ ஏன்யா சொல்ற? ஸ்விட்சப் போடு."

அவன் பெட்டியைத் தட்டில் வைத்து அழுத்தினான். வண்டி கிளம்பியது. பேச்சியம்மாள் நினைத்துக்கொண்டிருந்ததைவிட மெதுவாகப் போனது. பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. கறுப்பு டேப்பின் மேல், இப்படி அப்படி விலகாமல், ஒரு வேலைக்காரி குடத்தோடு நடப்பதுபோல நடந்தது. திருப்பம் வரும் முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பெட்டி அசையாமல் திரும்பியது. அவள் பக்கத்திலேயே நடந்தாள். ஆடிட்டோரியத்துக்குள் யாருடைய பெயரையோ சொல்ல, விசில் பறந்தது. சரிதாவும் ஸ்ரீராமும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வண்டி தடத்தின் முடிவுக் கோட்டில் வந்து நின்று ஒரு தடவை பீப் என்றது.

"அவ்வளவுதாம்மா," என்றான் ஸ்ரீராம்.

பேச்சியம்மாள் தலையாட்டினாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். நல்லுசாமி பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு, தடத்துக்கு முதுகைக் காட்டியபடி, வெளியே மரங்களைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். அவர் தோள்கள் ஒரு நிலையில் இல்லை.

அவள் போய் அவர் கையைக் கம்பிலிருந்து எடுத்தாள். தடத்தின் ஆரம்பத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

"இவுக பாக்கல," என்றாள் ஸ்ரீராமிடம். "இன்னொரு தடவ விடுய்யா."