ஓரத்தில் ஒரு நட்சத்திரம்

கூ போராம் எழுதிய முதல் கட்டுரையைப் படித்துவிட்டு எங்கள் டுடோரியல் இயக்குநர் தக் அதை என் மேசையில் போட்டார்.

"பியோ டீச்சர், இது கட்டுரையா, பிபிம்பாப் சோறா? எல்லாத்தையும் ஒரே கிண்ணத்துல கொட்டிக் கலக்கி வச்சிருக்கா. ஸ்பூன் மட்டுந்தான் பாக்கி."

அவர் சொன்னதில் தவறில்லை. பழைய சந்தையை இடிக்கலாமா கூடாதா என்பது கேள்வி. போராமிடம் மூன்று நல்ல கருத்துகள் இருந்தன: பிழைப்பு, வாடகை, தீ விபத்து. ஆனால் வாடகையைப் பற்றி ஆரம்பித்த வாக்கியம் தீயில் போய் முடிந்தது. தீயைப் பற்றிய பத்திக்குள் காய்கறிக்காரர் வந்து உட்கார்ந்துகொண்டார்.

பல்கலைக்கழகத்தில் இடம் தேடுவதில் அவளுக்கு இது மூன்றாவது வருடம். முதல் இரண்டு வருடமும் நவம்பர் பொதுத்தேர்வில் தேவையான தரம் வராததால், பல்கலைக்கழகக் கட்டுரைத் தேர்வுக்கு அவள் போகவே இல்லை. இந்த முறையும் கிடைக்காவிட்டால் தெற்கே கடலோரம் பூசானில் இருக்கும் பெரியம்மாவின் மீன்வடைக் கடைக்குப் போய்விட வேண்டும் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். கடையில் அவளுக்கு ஏப்ரன்கூட வாங்கி வைத்துவிட்டார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

தக் சொன்னதை அவளிடமும் சொல்லிவிட்டு, நான் அவளுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தேன். முதல் கருத்துக்கு வட்டம், இரண்டாவதற்கு நட்சத்திரம், மூன்றாவதற்கு அலைக்கோடு. ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் அது எந்தக் கருத்தைச் சேர்ந்ததோ அந்தக் குறி. ஒரே பத்தியில் இரண்டு குறி வந்தால் ஒன்றை வெளியே அனுப்பு. எந்தக் குறியும் பொருந்தாத வாக்கியத்தை அடித்துவிடு.

முதல் வாரம் ஒரே பத்தியில் மூன்று குறிகளும் நின்றன. ஒரு மாதத்தில் இரண்டாகக் குறைந்தன. அக்டோபர் கடைசியில், கட்டம் போட்ட தாளின் ஓரத்தில் வட்டங்கள் வரிசையாக, பிறகு நட்சத்திரங்கள், பிறகு அலைகள். நான் சிவப்புப் பேனாவால் 'அருமை' என்று எழுதினேன். ஒரு தடவை அல்ல, பத்துப் பன்னிரண்டு தடவை எழுதியிருப்பேன்.

இந்த வருடம் பொதுத்தேர்வு முடிந்து விடைக்குறிப்போடு ஒப்பிட்டதில் தரம் வந்துவிட்டது. அந்த வார சனிக்கிழமையே கட்டுரைத் தேர்வு.

தேர்வு முடிந்ததும் மாணவர்கள் நேராக டுடோரியலுக்கு வந்துவிட வேண்டும் என்பது எங்கள் பக்க வழக்கம். மறப்பதற்குள் தேர்வில் எழுதியதை அப்படியே இன்னொரு தாளில் எழுதித் தர வேண்டும். அதைப் பார்த்து நாங்கள் கிடைக்குமா, கிடைக்காதா என்று கணிப்போம். போராம் மீன் வடிவ அச்சில் சுட்ட இனிப்பு ரொட்டி ஒரு பொட்டலம், சூடாக வாங்கிக்கொண்டு வந்தாள். ஒன்றை என்னிடம் நீட்டிவிட்டு உட்கார்ந்து எழுதினாள். பேனா ஓர் இடத்தில்கூடத் தயங்கவில்லை.

நான் வாங்கிப் படித்தேன். பன்னிரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இப்படி ஒரு விடை ஐந்தாறு தடவைதான் என் கைக்கு வந்திருக்கிறது. மூன்று கருத்துகளும் தனித்தனியாக நின்றன. ஒன்று முடிந்த இடத்தில் அடுத்தது கையை நீட்டிப் பிடித்துக்கொண்டது.

ஓரத்தில் வட்டம், நட்சத்திரம், அலை.

"இந்தக் குறியெல்லாம் இப்ப எனக்காகப் போட்டதுதானே?" என்றேன்.

"இல்லியே டீச்சர். அங்க போட்ட மாதிரியேதான் இங்கயும் போட்டிருக்கேன். இது இல்லாம எனக்கு எழுத வராதே."

"விடைத்தாள்லயா? பேனாவாலயா?"

"ஆமா. பேர், ஊர் எதுவும் எழுதக் கூடாதுன்னாங்க. நான் எழுதல."

விடைத்தாளில் தேவையில்லாத ஒரு குறி இருந்தாலும் பூஜ்யம். திருத்துபவருக்குக் காட்டும் ஜாடையாக இருக்கலாம் என்ற சந்தேகம்தான் காரணம். ஆகஸ்டில் முதல் வகுப்பில் இதை நான் சொல்லியிருந்தேன். போராம் சேர்ந்தது செப்டம்பரில். அதற்குப் பிறகு அந்த ஓரங்களைப் பார்த்துப் பார்த்து நான் பூரித்துப் போயிருந்தேனே தவிர, ஒரு நாளும் சொல்லவில்லை.

தக் வந்து தாளை எட்டிப் பார்த்தார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. என்னைத் தனியே கூப்பிட்டு, ரிசல்ட் வரும்வரை வாயைத் திறக்க வேண்டாம், பெற்றோர் வந்து நின்றால் தாங்க முடியாது என்றார். திங்கட்கிழமை நான் பெயர் சொல்லாமல் பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்து பொதுவாக விசாரித்தேன். விதிப்படிதான் நடக்கும் என்று ஒரு பெண் மரியாதையாகச் சொன்னாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. நான்கு வாரம் அவள் எனக்கு இரண்டு நாளைக்கு ஒரு செய்தி அனுப்பினாள். ஹாஸ்டலில் போர்வை தருவார்களா என்றுகூட ஒன்று.

டிசம்பரில் ரிசல்ட் வந்தது. இல்லை என்று இருந்தது. அன்று மாலையே வந்துவிட்டாள். அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள் போலிருக்கிறது. அன்று இங்கே எழுதித் தந்த தாளின் பிரதியை என் முன்னால் விரித்தாள்.

"எந்தப் பத்தி இடம் மாறிடுச்சு டீச்சர்? மூணாவதா? நானும் நூறு வாட்டி படிச்சுட்டேன், தெரியல. மறுபடியும் பிபிம்பாப்தானா?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை, சொல்லிவிட்டேன். குறிகளைப் பற்றி, விதியைப் பற்றி, நான் சொல்ல மறந்ததைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவள் ஓரத்தில் இருந்த ஒரு நட்சத்திரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அத யாருமே படிக்கலியா?"

படித்திருக்க மாட்டார்கள் என்றேன்.

தலையை ஆட்டினாள். தாளை எடுத்துக்கொள்ளவில்லை. வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல் எனக்கு முதுகு வளைத்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள். புது வருடத்துக்கு முன்பே பூசானுக்குப் போய்விட்டதாக அவளுடைய தோழி சொல்லித் தெரிந்தது.

பிப்ரவரியில் புது வகுப்பு. தக் அந்தத் தாளின் ஓரங்களில் வெள்ளை மை பூசி, முப்பது பிரதி எடுத்து, 'மாதிரி விடை' என்று தலைப்பிட்டுக் கொடுத்திருந்தார். நான் பலகையில் முதல் வரியாக, விடைத்தாளில் எந்தக் குறியும் போடாதீர்கள் என்று எழுதினேன். முன் வரிசைப் பெண் பிரதியைப் படித்து முடித்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.

"சூப்பரா இருக்கு டீச்சர். இத எழுதின அக்காவுக்கு எந்த யுனிவர்சிட்டி கெடச்சது?"

"ரெண்டாவது பத்தியப் பாருங்க" என்றேன்.