புளிப்பானைக்குள் போன பிளேடு

மோட்டார் வயர் திருடு போனதிலிருந்து ஆதிமூலம் வீட்டில் உலோகச் சாமான் எதுவும் வெளியே கிடப்பதில்லை. எவனோ வயரை அறுத்து, தோலை உரித்து, செம்பை மட்டும் சுருட்டிக்கொண்டு, தோலை வரப்பிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தான். அந்தத் தோலைப் பார்த்ததுதான் அவருக்கு ஆறவில்லை. மண்வெட்டி கட்டிலுக்கடியில் போனது. கடப்பாரை கோணிக்குள் போனது. வடக்கனந்தலில் அவர் நம்பாத ஆட்களைச் சொல்லி மாளாது. நம்புகிற ஆட்களைச் சொல்வது சுலபம். யாருமில்லை.

மருமகன் சுபாஷும் அதில் சேர்த்திதான். விமானப்படையில் வேலை என்றார்கள், மகள் கண்ணகியைக் கொடுத்தார். கல்யாணம் முடிந்து விருந்துக்கு வந்தவனிடம், "நீங்க ஓட்டுவீங்களா மாப்ள?" என்று கேட்டார்.

"இல்ல மாமா, நமக்கு இன்ஜின் வேல."

"சரி, ஏறியாச்சும் போவீங்களா?"

"சண்ட விமானம் மாமா. ஓட்டறவருக்கே கால நீட்ட எடம் கெடையாது."

விமானம் ஏறாத விமானப்படைக்காரன். அன்றைக்கே மனைவி ராஜாம்பாளிடம், "நல்லா விசாரிச்சியாடி?" என்று கேட்டுவிட்டார்.

அந்த மருமகன் இந்தப் பங்குனியில் ஓய்வு பெற்று வந்தபோது, துணியில் சுற்றிய ஒரு சாமானை அவர் கையில் கொடுத்தான். கையகல நீளம், சாம்பல் நிறம், மீன் துடுப்பு மாதிரி லேசான வளைவு. அடியில் பல் பல்லாகப் படிகள், பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு எண். பார்க்கச் சின்னது, தூக்கினால் கனம். அவன் பல வருஷம் பார்த்துப் பார்த்துப் பழுது நீக்கிய விமானத்தை ஓய்வு கொடுத்துப் பிரித்தார்களாம். அதன் இன்ஜினுக்குள் சுற்றிய பிளேடு ஒன்றை வழியனுப்பு நாளில் அவனுக்குப் பரிசாகக் கொடுத்தார்களாம்.

"கள்ளக்குறிச்சில நான் கட்டற வூடு முடியற வரிக்கும் உங்ககிட்ட இருக்கட்டும் மாமா. கண்ணாடி அலமாரி செஞ்சி அதுல வைக்கணும். ஒண்ணே ஒண்ணு, இத தேய்க்கக் கூடாது. இந்தப் பழுப்புக் கறை இருக்குது பாருங்க, அது நெருப்புபட்ட கறை. அது போச்சின்னா இது வெறும் தகரம்."

"என்கிட்ட எதுக்கு?"

"யாரையும் நம்பாத ஆளுகிட்ட இருந்தாத்தான மாமா பத்திரம்."

அந்தப் பேச்சு அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

கரியாலூரிலிருந்து வருஷப் புளி வந்து இறங்கியிருந்த நேரம் அது. ராஜாம்பாள் கொட்டை எடுத்து, உப்புப் போட்டு, பெரிசும் சின்னதுமாக இரண்டு பானையில் அடைக்க உட்கார்ந்திருந்தாள். அவள் முறம் கழுவப் போன நேரத்தில் ஆதிமூலம் பிளேடைப் பெரிய பானையின் அடியில் வைத்து, மேலே புளியைப் போட்டு அழுத்தினார். எந்தத் திருடனும் புளிப்பானைக்குள் கையை விடமாட்டான். பொண்டாட்டியிடமும் சொல்லவில்லை. அவள் வாய் தெருக்குழாய் மாதிரி, திறந்தால் ஊருக்கே பாயும்.

ஆவணியில் புதுமனை புகுவிழா வந்தது. முந்தின நாள் காலை சுபாஷ் போன் பண்ணினான். "மாமா, அலமாரி ரெடி. வந்து எடுத்துக்கறேன்."

"வாங்க. பத்திரமாத்தான் கீது."

போனை வைத்ததும் அடுக்களையிலிருந்து ராஜாம்பாளின் சத்தம் கேட்டது. "ஐயையோ, என் கத்தி!" விருந்துக்குப் புளி எடுக்கச் சின்னப் பானையைத் திறந்திருக்கிறாள். அடைக்கும்போது உள்ளேயே விட்ட கத்தி இப்போது கிடைத்திருக்கிறது. கொண்டுவந்து காட்டினாள். கறுத்து, கரையான் அரித்த ஓலை மாதிரி ஓரமெல்லாம் தின்றுபோயிருந்தது.

"எப்டிடி ஆச்சி?"

"புளியும் உப்பும் சேந்தா இரும்ப வுடுமா? இது தெரியாதா உங்களுக்கு?"

தெரியாது. ஆதிமூலம் மூலையிலிருந்த பெரிய பானையைப் பார்த்தார்.

"கடைக்குப் போயி சூடம் வாங்கிக்கினு வா."

"வூட்டுலயே கீதே."

"போடின்னா போ!"

அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். அவர் பெரிய பானைக்குள் முழங்கைவரை கையை விட்டார். வெளியே வந்தது கன்னங்கரேல் என்று ஒரு கட்டி. வழித்துப் பார்த்தார், எண் தெரியவில்லை. தேய்க்கலாமென்றால் கறை போய்விடும். தேய்க்காவிட்டால் உள்ளே பிளேடு இருக்கிறதா, கத்தியைப் போல ஆகிவிட்டதா என்றே தெரியாது. இருபது வருஷ உழைப்புக்கு அந்த மனுஷன் கொண்டுவந்தது இது ஒன்று. அதைத் திருடனிடமிருந்து காப்பாற்றிப் புளிக்குத் தின்னக் கொடுத்தாயிற்று.

வாசலில் பைக் நின்றது. ஒளிக்க நேரமில்லை. கையெல்லாம் புளியோடு நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

சுபாஷ் பார்த்தான். மோந்தான். "இன்னா மாமா, புளியா?"

"பானைல வச்சேன். உப்புப் புளி." அரித்த கத்தியை எடுத்து அவன் பக்கம் தள்ளினார்.

அவன் பிளேடை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான். ஆதிமூலம் பின்னாலேயே போனார். அவன் தண்ணீரைத் திறந்து, தேய்க்காமல், கட்டைவிரலால் மெல்லத் தள்ளினான். கறுப்புக் கரைந்து ஓடியது. முதலில் பல் தெரிந்தது. பிறகு எண். பிறகு நெருப்புப்பட்ட அந்தப் பழுப்புக் கறை, போட்டது போட்டபடி. ஒரு புள்ளி அரிப்பில்லை.

சுபாஷ் சிரித்துவிட்டான். "மாமா, இது பொன்னு உருகற சூட்டுல சுத்துன சாமான். சாதா இரும்பா இது? உங்க புளியெல்லாம் இத இன்னா பண்ணும்?"

ஆதிமூலம் குழாயடிக் கல்லில் பொத்தென்று உட்கார்ந்தார். ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். இன்னொரு கை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார்.

சூடத்தோடு திரும்பிய ராஜாம்பாள் பானையையும் பார்த்தாள், பிளேடையும் பார்த்தாள். "அடப்பாவி மனுஷா! அப்ப இத்தினி மாசமா விமானத்துலயா கொழம்பு வச்சேன்?"

"நல்லாத்தான இருந்திச்சி," என்றார் ஆதிமூலம். பல நாளைக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

சுபாஷ் பிளேடைத் துடைத்துப் பைக் பெட்டிக்குள் வைக்கப் போனான். ஆதிமூலம் கையைப் பிடித்தார்.

"பொட்டிக்குப் பூட்டு கீதா?"

"கள்ளக்குறிச்சிக்குத்தான மாமா, இதோ போயிடுவேன்."

"அந்த அலமாரிக்கு?"

"வூட்டுக்குள்ள எதுக்கு பூட்டு?"

"உங்கள நம்பி எப்டி அனுப்பறது?" என்று துண்டை உதறித் தோளில் போட்டார். பிளேடை வாங்கித் துண்டின் முனையில் முடிந்தார். வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டார். "மெதுவா ஓட்டுங்க மாப்ள. விமானம் கீழ வுழுந்துடப் போவுது."